பிரஷர் அக்கா கேட்ட கேள்வி

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்டையே எழுதிக் கொடுத்துவிட்டாளாம், கல்லூரியில் கண்டுபிடித்துவிட்டார்களாம் என்ற பேச்சு, சம்பந்தப்பட்டவளின் காதுக்கு வருவதற்குள் மூன்று வாய் மாறியிருந்தது. கல்லூரி அலுவலகத்தில் டைப் அடிக்கும் அம்மாள் தன் ஓரகத்தியிடம் சொன்னாள். ஓரகத்தி பல்வலிக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், வீங்கின கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அதை வரவேற்பு மேசையில் இறக்கி வைத்தாள். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள் சம்பந்தப்பட்டவளின் நாத்தனார். வேலை முடிந்ததும் அவள் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

“சொன்னா நம்ப மாட்டீங்க அண்ணி. சம்பளம் வாங்காம பிள்ளைங்களுக்கு வழி காட்டறேன்னு வெளியிலேர்ந்து ஆளுங்க வர்றாங்களாமே, அதுல ஒருத்தியாம். எந்நேரமும் தொட்டி, அழுத்தம்னே பேசுவாளாம். ஏழு எழுதினா நடுவுல ஒரு கோடு இழுப்பாளாம். அந்தக் கோட்டை வச்சுத்தான் பிடிச்சாங்களாம்.”

நாத்தனாரின் கண் மெல்ல நகர்ந்து சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் போய் நின்றது. தண்ணீர்க் கேன் வந்த தேதிகள். 7, 17, 27. ஒவ்வொரு ஏழின் இடுப்பிலும் ஒரு கோடு.

“அண்ணி, உங்களைத்தான் சொல்றாங்களா?”

“ஏழுக்குக் கோடு போடறவ ஊர்ல நான் ஒருத்திதானா?”

“எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்திதான்.”

“பிள்ளைங்களை என்ன பண்ணுவாங்களாம்?”

“ப்ராஜெக்ட் ரத்தாம். ஒரு வருஷம் போச்சாம்.”

“ரத்து பண்ணிட்டாங்களா, பண்ணப் போறாங்களா?”

“அது சரியாத் தெரியல. அதுக்குள்ள அந்தம்மாவை டாக்டர் உள்ளே கூப்பிட்டுட்டார்.”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான். “ஓசியில வேலை பார்க்கப் போயும் வம்பை விலைக்கு வாங்கிட்டு வந்திருக்கே.”

வதந்திக்கு யாரோ கண், காது, மூக்கு வைத்திருந்தார்களே தவிர, உடம்பு நிஜந்தான். அதுதான் அவளை உறுத்தியது.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. எஃகுத் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தாள். செய்து முடித்த ஒவ்வொரு தொட்டியும் அவள் கைக்கு வரும். அதன் வாயெல்லாம் அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் அசையாமல் அரை மணி நேரம் நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் முத்திரை குத்துவாள். நிற்கவில்லையென்றால் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, “கொண்டுபோங்க” என்பாள். அவள் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஊதினால் கூடத்தில் அத்தனை பேரும் கையை எடுத்துவிட வேண்டும், முதலாளியே நின்றாலும் சரி. பதினெட்டு வருஷத்தில் ஆறு தடவை ஊதியிருக்கிறாள். ஆறு தடவையும் ஏன் ஊதினாய் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

அவளுடைய இடது காது கேட்காது. அது பிறவியில் வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வேறொரு பட்டறையில், பம்பு ரிப்பேர் என்று மேஸ்திரி ஒரு தொட்டியைத் தண்ணீருக்குப் பதில் காற்றை அடைத்துச் சோதித்தான். தண்ணீர் என்றால், தொட்டி பிளந்தாலும் ஒரு கோடாகக் கசிந்து தரையை நனைத்துவிட்டு அடங்கிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. அமுங்காததற்குத் திமிறவும் தெரியாது. காற்று அப்படியல்ல. சுருட்டிச் சுருட்டி உள்ளே திணித்த காற்று, விரிசல் கிடைத்த அந்த நொடியில் மொத்தமாக வெளியே வரும். வரும்போது தொட்டியையும் எடுத்துக்கொண்டு வரும். அன்றைக்குத் தொட்டியின் மூடி கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போய் அடுத்த தெருவில் விழுந்தது. மேஸ்திரி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இருபதடி தள்ளி நின்ற அவளுக்கு ஒரு காது போனது. அன்றிலிருந்து போனை வலது காதில்தான் வைப்பாள். யாருடன் நடந்தாலும் அவர்களுக்கு இடப் பக்கம் வந்துவிடுவாள். ஏன் என்று தெரியாதவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

தொழிலில் இருப்பவர்கள் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு வழிகாட்டலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், விருப்பமிருந்தால் பெயர் கொடுங்கள் என்று அறிவிப்பு வந்தபோது, தொழிற்சாலையிலிருந்து பெயர் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். ஒருங்கிணைப்பாளர் ஒரு கையேடு தந்தார். பன்னிரண்டு பக்கம். அதில் ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: வழிகாட்டி விடை சொல்ல மாட்டார், கேள்வி கேட்பார். கூடவே ஒரு படிவம். அதில் இரண்டு பத்தி. ஒன்றில் வழிகாட்டி கேட்ட கேள்வி. மற்றதில் மாணவர் கண்டுபிடித்த விடை. வழிகாட்டி சொன்னது என்று எழுத இடமே இல்லை.

அவளுக்கு வாய்த்தது மூன்று பேர். எதற்கெடுத்தாலும் கால்குலேட்டரை எடுக்கும் பெண். அவளுக்குப் பட்டப்பெயர் கணக்கு. இருபத்தொரு வயதிலேயே பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிறவன் சித்தப்பா. மூன்றாமவன் பேசவே மாட்டான் என்பதால் அவனுக்குப் பெயர் வைக்கும் சந்தர்ப்பம் அமையவில்லை. வழிகாட்ட வந்தவளுக்குப் பிரஷர் அக்கா என்று பெயர் வைத்தது சித்தப்பா. பகலில் சூரிய வெளிச்சத்தில் ஓடும் பம்பினால் காற்றை ஒரு தொட்டியில் அடைத்து வைப்பது, கரண்ட் போனால் அந்தக் காற்றை விட்டு ஒரு சின்ன மோட்டாரை ஓட்டுவது. இதுதான் ப்ராஜெக்ட். தொட்டி மார்பளவு உயரம். வெல்டிங் சித்தப்பாவின் சொந்தக் கைவேலை.

முதல் மாதம் அவள் ஒரு தவறு செய்தாள். தொட்டியின் அடிமூடியை அவர்கள் வரைந்திருந்த விதத்தைப் பார்க்கச் சகிக்காமல், பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளின் மூலையில் சரியான மூட்டை வரைந்து, அளவும் போட்டுவிட்டாள். 7 மில்லிமீட்டர். பிள்ளைகள் அதைக் கிழிக்க மனசில்லாமல் அப்படியே நகலெடுத்து அறிக்கையில் வைத்துவிட்டார்கள். வதந்தியின் உடம்பு அவ்வளவுதான். ஒரு ஏழு.

நாத்தனார் வந்து போன மூன்றாம் நாள் சனிக்கிழமை. அவள் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கல்லூரியின் இரண்டாம் மாடி அறை. ஐந்து மேசை, ஐந்து குழு, ஐந்து வழிகாட்டிகள். ஒருங்கிணைப்பாளர் மேசை மேசையாக உலாத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் நடை அவள் மேசைப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அவள் வந்ததுமே தனியே அழைத்து, “மேடம், ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, சில பேச்சு அடிபடுது. இந்தக் குழுவோட ஃபைலைத் தேர்வுக் கமிட்டி கேட்டிருக்கு. இனிமே உங்க வாயிலேர்ந்து கேள்வி மட்டும் வரட்டும். இதுக்கு மேல ஒரு வரி உங்களோடதுன்னு தெரிஞ்சா பிள்ளைங்களுக்குத்தான் கஷ்டம்” என்றிருந்தார்.

கணக்கு சோதனைத் திட்டத்தை நீட்டினாள். ஒரே பக்கம், பத்து வரி. வரிசை ஒழுங்காக இருந்தது. போன்களைக் கூடையில் போட்டு வெளியே வைக்க வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். சொன்ன நேரத்தில் தொடங்க வேண்டும். தொடங்கினால் முடியும்வரை யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. எல்லாம் அவள் முந்தின கூட்டங்களில் தன் கூடத்துப் பழக்கங்களைக் கதையாகச் சொன்னபோது பிடித்துக்கொண்டவை. ஆறாவது வரிக்கு வந்தாள். தொட்டியில் காற்று நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றுதல்.

கேட்காத காதில் ஏதோ இரைந்தது. கை தானாகப் பைக்குள் போய்ப் பேனாவைத் தேடியது.

“இந்த ஆறாவது வரியில என்ன நிரப்பறீங்க?”

“காத்துக்கா.”

“ஏன் காத்து?”

“காத்துத் தொட்டிக்குக் காத்துதானேக்கா. கம்ப்ரஸரும் லேப்லயே இருக்கு.”

“வேற எதாவது நிரப்பலாமா?”

சித்தப்பா தொண்டையைச் செருமினான். “டீ நிரப்பலாம். கேன்டீன் டீக்கு எந்த அழுத்தமும் கிடையாது.”

மூன்றாமவன்கூடச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு மேசை தள்ளி ஒருங்கிணைப்பாளர் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. நாலே எழுத்து, உமிழ்ந்தால் போதும் போலிருந்தது. உமிழ்ந்தால் மூன்று பேருக்கு ஒரு வருஷம்.

“வெல்டிங் எப்படி வந்திருக்கு?”

சித்தப்பா போனில் படம் காட்டினான். மூட்டு ஒழுங்காக ஓடி, பாதியில் புழுவாய் நெளிந்து, மறுபடி ஒழுங்காகியிருந்தது. “அந்த இடத்துல கையில பொறி பட்டுடுச்சுக்கா. அதான் கொஞ்சம் டான்ஸ் ஆடியிருக்கு.”

“சரி. கடைசியா ஒண்ணு கேக்கறேன், நல்லா யோசிச்சுட்டு வாங்க.” அவள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். “காத்தை ஏத்தும்போது தொட்டி வெடிச்சா என்ன ஆகும்?”

“வெடிக்காதுக்கா. வெடிக்காதுன்னு காட்டத்தானே டெஸ்டே.”

“வெடிச்சா என்ன ஆகும்னு கேட்டேன்.”

கணக்கு அதை ஒரு எழுத்துப் பிசகாமல் படிவத்தின் இடது பத்தியில் எழுதிக்கொண்டாள். வலது பத்தி காலியாக இருந்தது. “யோசிச்சு, திட்டத்தைத் திருத்தி அனுப்பறோம்க்கா. வியாழக்கிழமை மூணு மணிக்கு லேப் கிடைச்சிருக்கு.”

அவர்கள் பின்னாலிருந்து ஒருங்கிணைப்பாளரின் குரல் வந்தது. “அருமையான கேள்வி மேடம். இதைத்தான் எதிர்பார்த்தோம்.”

படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட அவள் கணக்கிடமே பேனா கடன் வாங்கினாள். கூட்டம் நடந்தது என்பதற்கான கையெழுத்து அது. ஆனால் துறைப் பேராசிரியர், தொழிலில் இருப்பவரே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அதை நம்பித்தான் லேபைத் திறந்துவிடச் சொன்னார் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

படிக்கட்டில் கணக்கு பின்னாலேயே ஓடி வந்தாள். “அக்கா, நாங்க தப்பா எதாவது எழுதியிருக்கோமா? உங்க முகம் சரியில்ல.”

படியில் யாருமில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பெண் எதைக் கேட்டாலும் எழுதி வைப்பாள். எழுதினால் தேதி போடுவாள். யார் சொன்னது என்று கமிட்டி கேட்டால் பொய் சொல்லத் தெரியாமல் முழிப்பாள்.

“கேள்வியைப் பிடிச்சுக்கோ. விட்டுடாதே” என்றாள் பிரஷர் அக்கா. இவ்வளவு கெட்டிக்காரப் பெண், வெடித்தால் என்ன ஆகும் என்று தேடிப் பார்த்தால் முதல் பக்கத்திலேயே தண்ணீர் வந்து நிற்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். திட்டம் வந்ததும் பார்ப்போம். சரியில்லை என்றால் அப்போது வருஷமாவது மண்ணாவது.

ஞாயிறு வரவில்லை. திங்கள் வரவில்லை. செவ்வாய் அவள் செய்தி அனுப்பினாள்: திட்டம் என்ன ஆச்சு? கணக்கிடமிருந்து உடனே பதில்: வந்துட்டே இருக்குக்கா. புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, “தட்டைப் பார்த்துச் சாப்பிடு, போனைச் சாப்பிட்டுடப் போறே” என்றான் கணவன்.

வியாழக்கிழமை காலையில் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. மூன்று தொட்டி வரிசையில் நின்றன. சோதனைக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது; அந்தச் சட்டம் போட்டதே அவள்தான். பதினோரு மணிக்குப் பெட்டியில் பூட்டும்போது ஒன்றும் வந்திருக்கவில்லை. மூன்றாவது தொட்டியின் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. கசிவைத் தேடிப் பிடித்து, வட்டம் போட்டு, கை கழுவி, பெட்டியைத் திறக்கும்போது மணி இரண்டு முப்பத்தெட்டு.

செய்தி 11.40க்கு வந்திருந்தது. திருத்திய திட்டம். அவள் மற்ற வரிகளைத் தாண்டி நேரே ஆறுக்குப் போனாள்.

காற்று.

அதன் கீழே புதிதாக ஒரு ஆறு-அ சேர்த்திருந்தார்கள். அக்கா கேட்ட கேள்வியின்படி, தொட்டி வெடித்தால் பாதுகாப்புக்காக முக்கால் அங்குல ப்ளைவுட் பலகை ஒன்று நிறுத்தப்படும். பலகையில் கண்ணளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியே முள்ளைப் பார்ப்பவர்: கணக்கு. தூரம்: ஒரு மீட்டர். கடைசியில், கேள்விக்கு ரொம்ப நன்றிக்கா, பலகை யோசனை வரவே இல்ல, நீங்க கேட்டப்புறம்தான் வந்துச்சு.

அவள் கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். கேட்டதற்குச் சரியாக, கேட்டதற்கு மட்டும்.

கணக்கை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. சித்தப்பாவை அழைத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாமவனின் எண் அவளிடம் இல்லை. பேசாதவனிடம் எண் எதற்கு என்று வாங்காமல் விட்டிருந்தாள். காற்று வேண்டாம், நிறுத்துங்க, தண்ணீர் நிரப்புங்க என்று செய்தி அடித்தாள். செய்தி போனது. யாரும் பார்க்கவில்லை.

ஃபோர்மேன் வாசலில் லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வண்டியை எடுங்க.”

“எங்கம்மா?”

“போய்க்கிட்டே சொல்றேன்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் சாவியை எடுத்தார். கல்லூரிக்கு முப்பத்தைந்து நிமிஷம், சிக்னல் எல்லாம் பச்சையாக விழுந்தால்.

திரும்பத் திரும்ப அடித்த பிறகு, வண்டி கேட்டைத் தாண்டும்போதுதான் ஒருங்கிணைப்பாளர் போனை எடுத்தார்.

“சார், அந்த டெஸ்டை நிறுத்தணும். இப்பவே.”

“எந்த டெஸ்ட் மேடம்? நான் வெளியூர்ல ஒரு மீட்டிங்ல...”

“தொட்டியில காத்து அடைக்கறாங்க. வெல்டிங் சரியில்ல. அந்தப் பொண்ணு ஒரு மீட்டர்ல நிக்கப் போறா. பலகைக்குப் பின்னால, ஓட்டையில கண்ணை வச்சுக்கிட்டு.”

“மேடம், நிறுத்துன்னு நீங்க சொன்னா அது நேரடித் தலையீடு ஆயிடும். கமிட்டி ஏற்கெனவே...”

“நான்தான் சொன்னேன்னு எழுதிக்கோங்க சார். தேதி போட்டு எழுதிக்கோங்க. அந்த ஏழும் நான் எழுதினதுதான். லேப் நம்பர் குடுங்க.”

ஃபோர்மேன் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். மறுமுனையில் தாள் புரளும் சத்தம். பிறகு ஒரு எண். “பேராசிரியர் பரீட்சை ஹால்ல இருப்பார், போன் எடுக்க மாட்டார். நான் ஆபீஸுக்கு அடிச்சு ஆள் அனுப்பச் சொல்றேன் மேடம்” என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர் குரலும் இப்போது மாறியிருந்தது.

அலுவலகக் கட்டடத்திலிருந்து லேபுக்கு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஓடினால் ஆறு நிமிஷம். அங்கே ஓடுகிறவர் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டிக் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

“தாமதமாத் தொடங்குவாங்கம்மா” என்றார் ஃபோர்மேன். “காலேஜ் பசங்க. மூணுன்னா மூணரை.”

“இல்லண்ணே. இதுங்க தொடங்கிடும்.”

நேரத்தில் தொடங்கணும் என்று சொல்லியிருந்தாள். தொடங்குவார்கள். போனை வெளியே வைக்கணும் என்று சொல்லியிருந்தாள். வைத்துவிட்டார்கள். கதவைச் சாத்தணும், நடுவில் எவன் தட்டினாலும் திறக்கக் கூடாது, கவனம் சிதறினால் போச்சு என்று, கதையோடு கதையாக, கை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தாள். அதெல்லாம் அறிக்கையில் எழுதாத பேச்சு என்பதால் யாரும் அதைக் குற்றம் என்று நினைக்கவில்லை. அவள் சொன்னதில் ஒன்றைக்கூட அந்தப் பிள்ளைகள் மீறியதில்லை. சொல்லாமல் கேட்டது ஒன்றே ஒன்று.

லேப் எண்ணை அழுத்தி வலது காதில் வைத்தாள்.

அந்தப் போனை அவளுக்குத் தெரியும். லேபுக்கு வெளியே, வராந்தாச் சுவரில், பழைய சாம்பல் நிறப் பெட்டி. அதற்கு நேர் கீழே ஒரு முக்காலி. அந்த முக்காலியின் மேல்தான் கூடை. கூடைக்குள் மூன்று போன். இரண்டில் அவளுடைய பெயர் வந்து போயிருக்கும். உள்ளே கம்ப்ரஸர் ஓடினால் வராந்தாவில் இடி விழுந்தாலும் கேட்காது.

சிக்னல் சிவப்பில் நின்றது. ஃபோர்மேன் இடமும் வலமும் பார்த்துவிட்டு, நிற்காமல் போனார்.

மணி அடித்தது. இரண்டு தடவை அடித்து ஒரு சின்ன இடைவெளி. மறுபடி இரண்டு தடவை. அவள் அடிப்பதை எண்ண ஆரம்பித்தாள். முள்ளைப் பார்த்து எண்ணும் பழக்கம். பதினான்கு. பதினாறு. அவளுடைய இன்னொரு கை, தெரியாமலே, விசிலை உதட்டுக்குக் கொண்டுபோயிருந்தது. எடுத்தவுடன் பேசக்கூடாது, ஊதிவிட வேண்டும். யார் எடுத்தாலும் சரி, உள்ளே கேட்கிற மாதிரி ஊத வேண்டும். இருபத்து நான்கு. இருபத்தாறு.

வண்டிக் கடிகாரத்தில் 2.58 என்பது 2.59 ஆனது. எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.